கேளுங்கள் டாக்டர்: எலும்பு முதலிலா, தசை முதலிலா?

போன இதழில் குழந்தைகளின் மாறுகண் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பல, மண்டையோட்டு எலும்புகள் காலத்துக்கு முன்பே ஒட்டிப்போன குழந்தைகளின் வீடுகளிலிருந்து வந்தவை. நான் பொதுவாகச் சொன்ன யோசனைகள் அந்தக் குழந்தைகளுக்கு அப்படியே பொருந்தாது. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் அவர்களுக்கு. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

என் மகனுக்கு நாலரை வயது, மண்டையோட்டு எலும்புகள் முன்பே ஒட்டிப்போகும் க்ரூசான் சிண்ட்ரோம். ஒரு வயதுக்குள் நெற்றி எலும்பை முன்னால் நகர்த்தும் ஆபரேஷன் முடிந்தது. மேலே பார்த்தால் இரண்டு கண்களும் வெளிப்பக்கம் ஓடுகின்றன. குனிந்து படம் வரையும்போது நேராக இருக்கின்றன. கண் டாக்டர் கண்ணாடியும் ஒட்டும் (கண்ணை மூடும் பட்டை) கொடுத்துவிட்டு, தசை ஆபரேஷனைப் பிறகு பார்க்கலாம் என்கிறார். உறவினர் ஒருவரோ, மாறுகண்ணை இரண்டு வயதிலேயே சரி செய்திருக்க வேண்டும், டாக்டர் இழுத்தடிக்கிறார் என்கிறார். யார் சொல்வது சரி?
ஒரு தாய், விருதுநகர்

இருவரும் வேறு வேறு குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். பிறந்த சில மாதங்களில் கண் உள்பக்கம் திரும்பிவிடும் மாறுகண் என்றால் உங்கள் உறவினர் சொல்வது சரி. அதை இரண்டு வயதுக்குள் முடித்துவிடத்தான் நாங்களும் பார்ப்போம். உங்கள் மகனுடையது அந்த வகை இல்லை.

அந்த வகையில் கண்குழி ஒழுங்காக இருக்கும். இரண்டு கண்களையும் சேர்த்து நிறுத்தும் மூளையின் ஏற்பாட்டில்தான் கோளாறு. க்ரூசானில் கண்குழியே வெளிப்பக்கமாகச் சுழன்று உட்கார்ந்திருக்கிறது. ஒரு கண்ணுக்கு ஆறு தசைகள். குழி சுழன்றால் அவையும் கூடவே சுழன்றுவிடும். மேலே தூக்க வேண்டிய தசை வெளிப்புறம் தள்ளிப் போயிருக்கும்; அதனால் பையன் மேலே பார்க்கும்போது கண் மேலே போவதோடு வெளியேயும் போகிறது. மூக்குப் பக்கம் இழுக்க வேண்டிய தசை சற்று மேலே ஏறியிருக்கும். அதனால் அவன் பக்கவாட்டில் பார்க்கும்போது மூக்கருகே வரும் கண் கூரையைப் பார்க்கும். தசைகள் வேலையை ஒழுங்காகத்தான் செய்கின்றன, அவை இருக்கும் இடம்தான் தப்பு.

மேல் சாய்வுத் தசை என்று ஒன்று உண்டு. கண்குழியின் ஆழத்திலிருந்து கிளம்பி, மூக்கும் நெற்றியும் சேரும் மூலையில் ஒரு சிறு வளையத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து திரும்பி வந்து கண்ணில் ஒட்டும். கிணற்றுச் சகடையில் கயிறு திரும்புகிற மாதிரி. நெற்றி எலும்பு பின்வாங்கிப் பிறக்கும் குழந்தைக்குச் சகடையும் பின்னால் போய்விடுகிறது. கயிறு இழுக்கிறது, வாளி சரியாக அசைவதில்லை. சில குழந்தைகளுக்கு அந்தத் தசையே இருக்காது, அல்லது நூல் போல இருக்கும். ஆபரேஷன் மேசையில் தேடிப் பார்த்து 'இல்லை' என்று தெரிந்துகொள்வது எந்த டாக்டருக்கும் பிடித்தமான அனுபவம் அல்ல. அதனால்தான் முன்கூட்டியே கண்குழியின் ஸ்கேன் படங்களைக் கேட்கிறோம். தலை ஆபரேஷனுக்கு எடுத்த பழைய சி.டி. ஸ்கேன் படமோ டிஸ்க்கோ வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும், குழந்தைக்கு வீணாக இன்னொரு முறை கதிர்வீச்சு வேண்டாம்.

சரி, 'பிறகு' என்பதற்கு வருகிறேன். க்ரூசானில் கன்னமும் மேல்தாடையும் சேர்ந்த நடுமுகமும் வளராமல் பின்தங்கும். அதை முன்னால் கொண்டுவர இன்னொரு ஆபரேஷன் வரலாம். பாரிஸில் இருந்த பால் டெஸ்ஸியே என்ற சர்ஜன் 1967இல் ரோமில் நடந்த மாநாட்டில் இந்த வகை ஆபரேஷன்களைக் காட்டிய பிறகுதான் உலகம் முழுக்க இதைச் செய்யத் துணிந்தார்கள். முக எலும்பை முன்னால் நகர்த்தும்போது கண்குழியின் ஓரங்களும் தரையும் கூடவே நகர்கின்றன, கண் நிற்கும் நிலையும் மாறலாம். வெளியே ஓடிய கண் அதன்பின் உள்ளே திரும்பியதும் உண்டு. தசையை முதலில் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து மாற்றி வைத்துவிட்டு, அப்புறம் எலும்பை நகர்த்தினால் அந்தக் கணக்கு வீண். ஆகவே எலும்பு முதலில், தசை பிறகு என்பது பொது வழக்கம். எலும்பு வேலை முடிந்து சுமார் ஆறு மாதம் கண்ணின் நிலை மாறாமல் நின்றால் தசைக்கு வருவோம்.

ஆனால் இந்த வழக்கத்தைச் சட்டமாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் மகனுக்கு நெற்றி வேலை முடிந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. அடுத்த ஆபரேஷன் எப்போது என்று முக எலும்பு சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள். பத்து வயதுக்கு மேல்தான் என்று அவர் சொன்னால், அந்தப் பதிலோடு கண் டாக்டரிடம் போங்கள். இரண்டு கண்களையும் சேர்த்துப் பார்க்கும் திறன் இன்னும் மிச்சமிருக்கிற குழந்தையை அத்தனை வருஷம் காக்க வைக்காமல், பின்னால் இன்னொரு முறை திருத்த வேண்டி வரலாம் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டு இப்போதே தசை ஆபரேஷன் செய்வதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். இதில் எல்லா டாக்டர்களும் ஒரே கருத்தில் இல்லை. எலும்பு டாக்டரும் கண் டாக்டரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது முக்கியம். அவர்கள் பேசவில்லை என்றால் நீங்கள் பேச வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் 'கண்ணாடியும் ஒட்டும் கொடுத்துவிட்டு' என்ற வரியில் ஒரு சலிப்பு தெரிந்தது. அம்மா, வைத்தியமே அதுதான். ஆபரேஷன் கண்ணை நேராக்கும், பார்வையைக் கூட்டாது. மூளை ஒரு கண்ணை ஒதுக்கிவிட்டால் அது சோம்பல் கண் ஆகிவிடும். ஏழெட்டு வயதுக்குப் பிறகு அதைத் திருப்பிக் கொண்டுவருவது மிகவும் கடினம். நடுத்தர அளவுச் சோம்பலுக்கு நல்ல கண்ணை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் மூடினாலே பலன் கிடைக்கிறது என்று பெரிய ஆய்வில் தெரிந்திருக்கிறது. ஆறு மணி நேரம் மூடிய குழந்தைகளுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான். உங்கள் டாக்டர் சொன்ன நேரத்தைப் படம் வரையும் நேரத்தோடு சேர்த்துவிடுங்கள்.

பையன் முகவாயைத் தூக்கிக்கொண்டு பார்ப்பானே? முகவாய் தூக்கியிருந்தால் எதிரில் பார்க்கவே கண்கள் கீழே இறங்க வேண்டும். கண்கள் கீழே பார்க்கும்போதுதான் சேர்ந்து நிற்கின்றன, அதற்காக அவனே கண்டுபிடித்த வழி அது. பள்ளிக்கூடத்தில் திமிர் என்று நினைத்துத் தலையை அமுக்கிவிடப் போகிறார்கள், டீச்சரிடம் சொல்லி வையுங்கள்.

ஆபரேஷனில் என்ன செய்வார்கள்? பெரும்பாலும் வெளித்தசையைப் பின்தள்ளி, கூடவே சற்று மேலே ஏற்றித் தைப்பார்கள். உள்தசையைத் தொட்டால் அதைக் கீழே இறக்குவார்கள். கீழ்ச் சாய்வுத் தசையைத் தளர்த்துவார்கள். சாதாரண மாறுகண்ணில் கடைசியாகச் சொன்ன ஒன்றே சில சமயம் போதும், இந்தக் குழந்தைகளுக்கு அது மட்டும் போதுவது அபூர்வம். இரண்டாவது முறை செய்ய வேண்டி வருவது இவர்களிடம் சகஜம்; அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நேராகப் பார்க்கும்போதும் படிக்கும்போதும் கண்கள் சேர்ந்து நின்றால் எனக்குத் திருப்தி. மொட்டை மாடியில் காற்றாடியைப் பார்க்கும்போது கொஞ்சம் ஓடினால் ஓடட்டும்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு முறையும் சொட்டு மருந்து விட்டுக் கண் நரம்பைப் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். தலை ஆபரேஷன் முடிந்த பிறகும் மண்டைக்குள் அழுத்தம் மறுபடி ஏறலாம். சின்னக் குழந்தைகளில் அழுத்தம் இருந்தும் நரம்பு வீங்காமல் இருப்பதுண்டு. ஆகவே காலையில் தலைவலி, வாந்தி என்றால் 'போன மாதம்தான் கண்ணைப் பார்த்தார்கள்' என்று இருந்துவிடாதீர்கள்.

பேத்திக்கு ஏபர்ட் சிண்ட்ரோம் என்கிறார்கள். தலை எலும்போடு கை கால் விரல்களும் ஒட்டியிருக்கின்றன, கண்ணும் மாறுகண். மருமகள் கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி என்று எனக்குத் தோன்றுகிறது. எண்ணெய் தேய்த்துத் தலையை உருவி விட்டால் சரியாகுமா? மாறுகண் அதிர்ஷ்டம் என்பார்களே, அதை அப்படியே விட்டுவிடலாமா?
ஒரு பாட்டி, தஞ்சாவூர்

கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் மருமகளுக்கும் இல்லை. எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறுவதால் வருவது இது. அம்மா, அப்பா இருவருக்கும் இல்லாமல் குழந்தைக்குப் புதிதாக வரும்போது, ஆராய்ந்து பார்த்த குடும்பங்களில் அந்த மாற்றம் அப்பாவின் விந்தணுவில்தான் நிகழ்ந்திருந்தது. அப்பாவின் வயது கூடக் கூட வாய்ப்பும் கொஞ்சம் கூடுகிறது. இதைப் படித்துவிட்டு உடனே மகனைத் திட்ட ஆரம்பிக்காதீர்கள். அவர் செய்த காரியம் எதனாலும் வந்ததில்லை.

உருவி விடுவது பற்றி: ஒரே பக்கமாகப் படுத்துத் தலை தட்டையான குழந்தைக்குப் படுக்கும் பக்கத்தை மாற்றினால் போதும், பெரும்பாலும் சரியாகிவிடும். ஒட்டிப்போன எலும்பு விரலால் அழுத்தித் திறக்காது. உள்ளே மூளை வளர இடம் தேடிக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து அழுத்துவது எனக்குச் சம்மதமில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லி வீட்டில் வைத்திருந்து, பள்ளியில் சேர்க்கும்போது ஒரு கண்ணில் பார்வையே இல்லை என்று தெரியவந்த குழந்தைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பேத்தியை இந்த மாதமே கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

மகளுக்கு இரண்டு வயது. வலது பக்க நெற்றி எலும்பு மட்டும் ஒட்டியிருந்து எட்டாம் மாதத்தில் ஆபரேஷன் ஆனது. தலையை எப்போதும் இடது தோள் பக்கம் சாய்க்கிறாள். கழுத்துத் தசை இறுக்கம் என்று பிசியோதெரபி பல மாதங்களாகப் போகிறது, மாற்றமே இல்லை. கண் காரணமாக இருக்குமா?
ஒரு தந்தை, ஈரோடு

இருக்கலாம், நன்றாகவே இருக்கலாம். வலது நெற்றி பின்வாங்கினால், முதல் பதிலில் சொன்ன சகடை வலது கண்ணில் மட்டும் பின்னால் போகிறது. கண்ணைக் கீழே இழுக்க வேண்டிய அந்த மேல் சாய்வுத் தசை சரியாக இழுக்காததால் வலது கண் மேலே ஏறுகிறது. தலையை இடப்பக்கம் சாய்த்தால் இரண்டு கண்களும் சமமாக நிற்கும். உங்கள் மகள் இரட்டையாகத் தெரியாமல் இருக்கக் கழுத்தை உபயோகிக்கிறாள். அப்படியென்றால் எத்தனை பயிற்சி கொடுத்தாலும் கழுத்து மறுபடி அங்கேயே போய் நிற்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு கண்ணில் ஒட்டைப் போட்டுவிட்டு, அவளுக்குப் பிடித்த எதையாவது காட்டி விளையாட விடுங்கள். சிறிது நேரத்தில் தலை நிமிர்ந்தால் சந்தேகம் கண் மேல். தூங்கும்போது தலையை மெதுவாக மறுபக்கம் சாய்த்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் கழுத்துத் தசையில் இறுக்கம் இல்லை என்று ஓரளவு எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் அறையில் குழந்தை அழுதுகொண்டே இருந்தால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது, உங்கள் வீடியோதான் உதவும்.

நெற்றியைச் சரி செய்தால் கண் தானாக நேராகும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. சாய்வு அதிகமாக இருந்தால் தசை ஆபரேஷன் தேவைப்படும், இரண்டு வயதிலும் செய்யலாம். ஒரே பக்கமாகச் சாய்ந்தே வளர்ந்தால் முகமும் கோணலாக வளரக்கூடும் என்பதால் இவள் விஷயத்தில் ரொம்பக் காக்க வைக்க மாட்டேன்.

கண்ணாடிப் பவரையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லோரும் தட்டையான நெற்றிப் பக்கத்துக் கண்ணையே கவனிப்பார்கள். சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாததால் வரும் பவர்) அதிகமாக இருப்பதும் சோம்பல் கண் ஆவதும் பெரும்பாலும் மறுபக்கத்துக் கண்ணில். உங்கள் மகளுக்கு அது இடது கண்.

க்ரூசான் உள்ள எங்கள் குழந்தை அழுதபோது ஒரு கண் இமைக்கு வெளியே வந்துவிட்டது. பயத்தில் உறைந்துவிட்டோம். தானாக உள்ளே போனது. மறுபடி வந்தால் என்ன செய்வது?
நாகர்கோவிலில் இருந்து ஒரு தம்பதி

கண்குழி ஆழம் இல்லாத குழந்தைகளுக்கு இது நடக்கும். அழுகை, வாந்தி, இமையைப் பிடித்து இழுப்பது, எதுவும் போதும். கையை நன்றாகக் கழுவுங்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். கண்ணுக்கான ஜெல் அல்லது சொட்டு மருந்தை நிறைய விடுங்கள். மேல் இமையின் ஓரத்தைப் பிடித்து மேலேயும் முன்னாலும் தூக்கிக்கொண்டு, ஈரமான சுத்தமான விரலால் வெள்ளைப் பகுதியை மட்டும் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். நடுவில் இருக்கும் கருவிழியைத் தொடாதீர்கள். இதை உங்கள் டாக்டரிடம் ஒரு முறை நேரில் செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்வது நல்லது. சில நிமிடங்களில் உள்ளே போகவில்லை என்றால், கண் காயாமல் சொட்டு விட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உள்ளே போய்விட்டாலும் அன்றோ மறுநாளோ காட்டத்தான் வேண்டும். பார்வை நரம்பு இழுபட்டிருக்கும், கருவிழி காய்ந்திருக்கும்.

இரவில் இமை முழுவதும் மூடாமல் தூங்கினால் ஜெல் போட்டே படுக்க வையுங்கள். அடிக்கடி வெளியே வந்தால் இமையின் வெளி ஓரத்தைக் கொஞ்சம் தைத்து வைப்பார்கள், அல்லது எலும்பு ஆபரேஷனை முன்னுக்குக் கொண்டுவருவார்கள். இப்படிப்பட்ட குழந்தைக்கு மாறுகண் ஆபரேஷன் அவசரமே இல்லை. தசையைத் தளர்த்தினால் கண் இன்னும் சற்று முன்னால் வரலாம். முதலில் குழி, பிறகு தசை.

மகளுக்கு ஏபர்ட், வயது ஆறு. அடுத்த மாதம் மாறுகண் ஆபரேஷன். கண்ணை வெளியே எடுத்துவிட்டு வைப்பார்களா? மயக்க மருந்து தாங்குவாளா? பத்தியம் உண்டா?
ஒரு தாய், சேலம்

கண்ணை வெளியே எடுப்பதில்லை. வெள்ளை விழியின் மேல்தோலில் சின்னதாகத் திறந்து, அதன் வழியாகத் தசையைப் பிடித்து, இடம் மாற்றித் தைத்துவிடுவோம். தசை ஒட்டும் இடத்தில் கண்ணின் சுவர் 0.3 மில்லிமீட்டர் தடிமன்தான், அதற்குள்ளேயே ஊசி போய் வர வேண்டும். எங்கள் பயம் அதில். உங்கள் பயம் மயக்க மருந்தில். அது நியாயமான பயம்தான்.

நடுமுகம் உள்வாங்கியிருப்பதால் மூச்சுக் குழாய் போடுவது கடினமாக இருக்கலாம். இரவில் குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது இருந்தால் கண்டிப்பாக முன்கூட்டியே சொல்லுங்கள். குழந்தைகளுக்கான மயக்க மருந்து நிபுணரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள ஆஸ்பத்திரியில்தான் இவளுக்குச் செய்ய வேண்டும். அருகிலேயே இருக்கும் சின்ன கிளினிக் எவ்வளவு வசதியாகத் தோன்றினாலும் வேண்டாம். தசையைப் பிடித்து இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும், எல்லாக் குழந்தைகளுக்கும் நடக்கக்கூடியதுதான். இழுப்பதை நிறுத்தினால் துடிப்பு திரும்பும், தேவையென்றால் துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் மருந்தைக் கொடுப்பார்கள்.

அன்று வாந்தி வரலாம். கண் இரண்டு மூன்று வாரம் சிவந்திருக்கும். தையல் தானாகக் கரைந்துவிடும். தலைக்குக் குளிக்கும்போது கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீச்சல், வாய்க்கால் குளியல், மண் விளையாட்டு எல்லாம் டாக்டர் சொல்லும் வரை வேண்டாம். பத்தியம் ஒன்றும் இல்லை, கத்தரிக்காய் தாராளமாகச் சாப்பிடலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் தேதி குறிக்கும் முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுண்டரில் காட்டி, இந்த ஆபரேஷன் அங்கே அதில் சேருமா என்று கேட்டுவிடுங்கள்.

எனக்கு 22 வயது, க்ரூசான். சமீபத்தில் நடுமுக ஆபரேஷன் செய்தபின் எல்லாம் இரண்டாகத் தெரிகிறது. இது நிரந்தரமா? நாளை எனக்குக் குழந்தை பிறந்தால் அதற்கும் வருமா?
ஒரு வாசகி, சென்னை

சில மாதம் பொறுங்கள். வீக்கம் வடிந்ததும் சிலருக்குத் தானாகக் குறையும். அதுவரை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் பிரிசம் (ஒளியை வளைத்து இரண்டையும் ஒன்றாக்கும் வில்லை) கிடைக்கிறது, படிக்கவும் படி இறங்கவும் உதவும். நிலையாக நின்றுவிட்டால் தசை ஆபரேஷன் செய்யலாம். பெரியவர்களுக்கு மயக்கம் தெளிந்த பிறகு முடிச்சை இறுக்கியோ தளர்த்தியோ சரிபார்க்கும் முறையும் இருக்கிறது.

ஒவ்வொரு கர்ப்பத்திலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 1912இல் ஆக்டேவ் க்ரூசான் முதலில் விவரித்ததே ஒரு தாயையும் அவர் மகனையும்தான். ஆனால் ஒரே குடும்பத்துக்குள் ஒருவருக்கு லேசாகவும் இன்னொருவருக்குக் கடுமையாகவும் வரும். கர்ப்பத்துக்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பாருங்கள். உங்கள் மரபணு மாற்றம் எது என்று தெரிந்தால் கருவிலேயே பரிசோதிக்க முடியும். பரிசோதிப்பதா வேண்டாமா என்பது நீங்களும் உங்கள் துணைவரும் எடுக்க வேண்டிய முடிவு, மாமியார் வீட்டு முடிவு இல்லை.

கண்ணாடி மூக்கில் நிற்பதே இல்லை, வழுக்கிக்கொண்டே போகிறது. மகன் அதற்கு மேலாகத்தான் பார்க்கிறான். என்ன செய்வது?
ஒரு தாய், திண்டுக்கல்

மூக்குத்தண்டு தாழ்ந்தும் காதுகள் ஒன்றுக்கொன்று மேல்கீழாகவும் இருக்கும் குழந்தைக்குக் கடையில் தொங்கும் சட்டம் எப்படி நிற்கும்? பிரிட்ஜ் (மூக்கின் மேல் உட்காரும் பகுதி) தாழ்ந்த, வளையக்கூடிய சிலிக்கோன் சட்டமாகக் கேளுங்கள். காதுக் கம்பிக்குப் பதில் தலையைச் சுற்றும் எலாஸ்டிக் பட்டை போடுங்கள், ஆபரேஷன் தழும்பின் மேல் அழுத்தாமல். கண்ணாடிக்காரரிடம் பையனை நேரில் கூட்டிப் போய், கண் லென்ஸின் நடுவில் வருகிறதா என்று பார்த்து இரண்டு பக்கக் கம்பியையும் தனித்தனியாக வளைக்கச் சொல்லுங்கள். சீட்டை மட்டும் கொடுத்தனுப்பி வாங்கிய கண்ணாடி இவனுக்குச் சரிப்படாது.